கண்ணாடி உருளையில் நின்ற நுரை பாறைக்குள் நிற்குமா? மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இராமநாதபுரம் கடலோரத்தின் வற்றிவரும் எரிவாயுக் கிணறுகளில் கார்பன் டை ஆக்சைடை நுரையாக்கிச் செலுத்தி, அதை அங்கேயே சேமிக்கவும் எண்ணெய் எடுக்கவும் முடியுமா என்று பார்க்கும் முன்னோட்டத் திட்டத்துக்கு, இதுவரை நடந்த ஆய்வகச் சோதனையே போதும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். உங்கள் குறிப்பில் இரண்டு வரிகள் எங்களை எழுத வைத்தன. ஒன்று, ‘நுரையின் நிலைத்தன்மை திருப்திகரமாக நிறுவப்பட்டுள்ளது.’ மற்றொன்று, ‘பழைய கிணறுகளின் நிலை இரண்டாம் கட்டத்தில் ஆராயப்படும்.’ முதல் வரி உண்மையில்லை. இரண்டாவது வரி தலைகீழ். ஏன் என்று கணக்கோடு சொல்கிறோம்.

கார்பன் டை ஆக்சைடை நிலத்துக்கடியில் வைப்பதே மோசடி என்று கோஷம் போடுகிறவர்கள் அல்ல நாங்கள். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கடலடிப் பாறையில் செலுத்துகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவுக்குப் போனது. டெக்சாஸின் சாக்ராக் வயலில் 1972லிருந்து இதே வாயுவை வைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். பக்கத்துத் தூத்துக்குடியில் ஒரு கார ரசாயன ஆலை நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து இந்த வாயுவைப் பிரித்துச் சோடா உப்புக்குப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் கவனத்தோடு செய்தால் நடக்கிற காரியம்தான். கவனம் எங்கே போனது என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்த மடலை மீனவர் சங்கங்களிலும் படிப்பார்கள் என்பதால் நுரை எதற்கு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி வெப்பத்தையும் 73.8 பார் அழுத்தத்தையும் தாண்டினால் வாயு என்றும் சொல்ல முடியாது, திரவம் என்றும் சொல்ல முடியாது. சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அது அப்படித்தான் இருக்கும். எடை திரவத்தை ஒட்டி வரும், கனமீட்டருக்கு 600 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டம் வாயுவைப் போல வழவழவென்று இருக்கும். இதைப் பாறைக்குள் தள்ளினால் எந்தப் பக்கம் வழி லேசோ அந்தப் பக்கமே பிளந்துகொண்டு ஓடும். நீரைவிட லேசானதால் மேலே ஏறி, மூடிபோல் இறுகிக் கிடக்கும் மூடுபாறைக்கு அடியில் மெல்லிய படலமாகப் பரவும். சீக்கிரமே உற்பத்திக் கிணற்றில் தலைகாட்டும். எடுக்க வேண்டிய எண்ணெயும், வாயுவைச் சேமித்திருக்க வேண்டிய துளைகளும் தொடப்படாமல் கிடக்கும். சர்ஃபாக்டன்ட் என்கிற நுரையூட்டியைத் தண்ணீரில் கரைத்துக் கூடவே அனுப்பினால் பாறைத் துளைகளின் குறுக்கே நீர்ச்சவ்வுகள் உருவாகும். ஒவ்வொரு சவ்வும் ஒரு தடுப்பு. வாயுவின் வேகம் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு குறையும். விட்டுப்போன பகுதிகளுக்கும் அது போகும். பாண்டும் ஹோல்புரூக்கும் 1958லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. 1990களின் கடைசியில் வடகடலின் ஸ்நோர் வயலில் இதை நிஜக் கிணறுகளில் செய்தார்கள். ஆனால் அங்கே போனது ஹைட்ரோகார்பன் வாயு, கார்பன் டை ஆக்சைடு அல்ல.

இனி உங்கள் சோதனைக்கு வருவோம். கண்ணாடி உருளையில் காய்ச்சி வடித்த நீர், அதில் அரை சதவீதம் ஆல்ஃபா ஓலிஃபின் சல்ஃபோனேட் என்ற நுரையூட்டி, அடியிலிருந்து நைட்ரஜன், அறை வெப்பநிலை. எழுந்த நுரையின் உயரம் பாதியாக எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்திருக்கிறார்கள். சோதனையைச் செய்தவர்கள் மேல் குறை இல்லை. பத்து நுரையூட்டிகளை வைத்துக்கொண்டு உதவாத ஏழு வகைகளைக் கழிப்பதற்கு அது மலிவான, நல்ல வழி. மீதி மூன்றில் எது கிணற்றுக்கு உகந்தது என்று சொல்ல அதனால் முடியாது. அதை வைத்து ‘நிறுவப்பட்டது’ என்று எழுதியது குழு.

முதலில் வாயு. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் நைட்ரஜனைப்போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு கரையும். நுரையில் சிறு குமிழுக்குள் அழுத்தம் கூடுதல், பெரிய குமிழுக்குள் குறைவு. வாயு சவ்வில் கரைந்து சிறியதிலிருந்து பெரியதுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சிறியது காணாமல் போகும், பெரியது இன்னும் பெருக்கும். ஆஸ்ட்வால்ட் முதிர்வு என்று பாடத்தில் படித்தது இதுதான். எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு வேகம். ஆகவே நைட்ரஜனில் மணிக்கணக்கில் நின்ற அதே கலவை, கார்பன் டை ஆக்சைடை ஊதினால் நிமிடங்களில் அமர்ந்துவிடுவது ஆய்வகத்தில் அன்றாடம் பார்க்கிற சங்கதி. கூடவே, இந்த வாயு கரைந்த நீர் அமிலமாகிவிடும். வாயுவைச் செலுத்தும் பாறை அடுக்கின் அழுத்தத்தில், அமிலத்தை அளக்கும் பிஎச் 3, 4 என்ற அளவுக்கு இறங்கும். சல்ஃபோனேட் அதைத் தாங்கும். சல்ஃபேட் வகை நுரையூட்டிகள் அமிலமும் சூடும் சேர்ந்தால் சிதையும். ‘அல்லது அதற்கு இணையான நுரையூட்டி’ என்று உங்கள் கொள்முதல் நிபந்தனையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக எது வேண்டுமானாலும் உள்ளே வரும்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கரையில் வீட்டுக் கிணற்றில் வாளி இறைத்துத் துணிக்குச் சோப்புப் போட்ட எவருக்கும் தெரியும், உப்புத்தண்ணீரில் நுரை எழாது. திரிதிரியாக வெள்ளைக் கசடுதான் மிஞ்சும். கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கீழே தள்ளிவிடுகின்றன. ஆல்ஃபா ஓலிஃபின் சல்ஃபோனேட் சோப்பைவிடக் கடினநீரைத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் தாங்குதிறனுக்கும் எல்லை உண்டு. கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன. ஆழத்து அடுக்குகளின் உப்புநீரில் கால்சியம் இதைவிடப் பல மடங்கு இருப்பது சாதாரணம். காய்ச்சி வடித்த நீரில் கண்ணாடியாகத் தெளிந்த கரைசலை அந்த உப்புநீரில் கலந்து, மூடிய குப்பியில், அடுக்கின் வெப்பத்தில் ஒரு மாதம் வையுங்கள். முதலில் லேசாக மங்கும். பிறகு அடியில் படியும். அந்தப் படிவு நுரையூட்டி வீணானதன் அடையாளம் மட்டுமல்ல. செலுத்துகிணற்றின் துளைமுகத்தில் போய் உட்கார்ந்து அடைப்பதும் அதுதான். வெப்பம் என்றால் எவ்வளவு? ஆயிரம் மீட்டருக்கு 30 டிகிரி என்ற வழக்கமான கணக்கில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 90ஐ நெருங்கும். உங்கள் உருளை இருந்தது அறை வெப்பநிலையில்.

மூன்றாவது காரணம்தான் பெரியது; இதற்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள். உருளையில் நுரை அழிகிற விதம் வேறு, பாறைக்குள் அழிகிற விதம் வேறு. உருளையில் குமிழ்கள் மில்லிமீட்டர் அளவு. நீர் தன் எடையாலேயே கீழே வடிகிறது, சவ்வு மெலிகிறது, உடைகிறது. பாறைத் துளையின் கழுத்தோ சில மைக்ரான்தான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அங்கே சவ்வு துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. எடையால் வடிவது பெரிய பொருட்டே இல்லை. அதைக் கொல்வது நுண்துளை அழுத்தம். துளைகளில் நீரின் பங்கு குறையக் குறைய, சவ்விலிருந்து நீரை உறிஞ்சும் விசை ஏறும். ஒரு வரம்பைத் தாண்டினால் சவ்வுகள் ஒன்றிரண்டாக அல்ல, கூட்டமாக உடையும். காதிப், ஹிராசாகி, ஃபால்ஸ் மூவரும் 1988ல் இந்த வரம்பை அளந்து காட்டினார்கள். நடைமுறையில் இதன் பொருள், நுரையில் வாயுவின் பங்கு ஓர் அளவு வரை கூடக்கூட நுரை கெட்டிப்படும். பல பாறைகளில் அது 70, 80 சதவீதத்தை ஒட்டி வரும். அதற்கு மேல் நுரை காய்ந்து சரியும். அந்தத் திருப்பம் எந்த இடத்தில் என்பது பாறைக்குப் பாறை, நுரையூட்டிக்கு நுரையூட்டி மாறும். கண்ணாடிக்கு அந்தத் திருப்பமே கிடையாது.

இன்னொன்று. பாறைக்குள் ஒரு குமிழ் எவ்வளவு நேரம் பிழைத்திருக்கிறது என்பது கேள்வியே இல்லை. சவ்வுகள் உடைந்துகொண்டே இருக்கும், குறுகிய கழுத்துகளில் புதியவை பிறந்துகொண்டே இருக்கும். பிறப்பும் இறப்பும் எங்கே சமனாகின்றன என்பதுதான் நிலைத்தன்மை. உங்கள் உருளை இறப்பை மட்டும் எண்ணியது. பிறப்புக்கு ஓட்டம் வேண்டும். ஒரு குறைந்தபட்ச அழுத்தச் சரிவு இல்லாமல் வலுவான நுரை எழாது. கிணற்றின் ஓரத்தில் ஓட்டம் வேகமாக இருக்கும், தள்ளிப்போகப் போகத் தூரத்துக்கு ஏற்பக் குறையும். கிணற்றுச் சுவரில், அதாவது மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கும் வேகத்தில் 50 மீட்டர் தள்ளி ஐந்நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கிணற்றருகே அருமையாக எழுந்த நுரை அங்கே மறுபடி பிறக்குமா என்று உங்கள் அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

பாறை இன்னொரு வேலையும் செய்யும். நுரையூட்டியைத் தின்னும். இந்தக் கணக்கை அறிக்கையில் தேடித் தேடிப் பார்த்தோம். கிடைக்காததால் நாங்களே போட்டுக் காட்டுகிறோம். 20 சதவீதத் துளையுள்ள மணற்பாறை ஒரு கனமீட்டரில் சுமார் 2,120 கிலோ கல் இருக்கும். கிராமுக்கு அரை மில்லிகிராம் நுரையூட்டி ஒட்டுகிறது என்று வையுங்கள். களிமண் கலந்த பாறைக்கு இது பெரிய எண் அல்ல. ஒரு கனமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போய்விடும். துளை முழுவதையும், 200 லிட்டரையும், அரை சதவீதக் கரைசலால் நிரப்பினாலே அதில் இருப்பது ஒரு கிலோதான். நுரையில் 80 சதவீதம் வாயு என்றால் கரைசல் 40 லிட்டர், நுரையூட்டி 200 கிராம். பசி ஒரு கிலோ, பரிமாறுவது 200 கிராம். 10 மீட்டர் தடிமனான அடுக்கில் கிணற்றைச் சுற்றி 50 மீட்டர் ஆரத்துக்குப் பாறையின் பசியை அடக்கவே 80 டன்னுக்கு மேல் வேண்டும். நாளொன்றுக்கு 100 டன் வாயுவை 80 சதவீத நுரையாகச் செலுத்தினால் கூடப் போகும் நுரையூட்டி 210 கிலோ. அப்படியானால் நுரை 50 மீட்டரைத் தொட ஓராண்டுக்கு மேல் ஆகும். முன்னோட்டத்தை ஆறு மாதத்தில் முடித்து முடிவு சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த முடிவை?

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. திட்டத்தின் தலைப்பில் ‘எண்ணெய் மீட்பு’ என்று இருக்கிறது. காவிரிப் படுகையின் வடபகுதியில், நரிமணம் பக்கம் எண்ணெய் உண்டு. இராமநாதபுரம் உட்படுகையில் முக்கியமாக எடுப்பது எரிவாயு. கூட வருவது கண்டன்சேட் என்கிற இலேசான திரவம். நுரைக்கு இலேசான ஹைட்ரோகார்பன்தான் மோசமான எதிரி. கனமான எண்ணெயைவிட இதன் துளிகள் எளிதாகச் சவ்வுக்குள் நுழைந்து, பரவி, உடைக்கும். எண்ணெய் இல்லாத உருளையில் நின்ற நுரையை இங்கே யாரும் மேற்கோள் காட்டக் கூடாது. தவிரவும், எரிவாயு அடுக்கில் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு மீத்தேனோடு கலந்தால் கிணற்றிலிருந்து வரும் வாயுவின் எரிதிறன் இறங்கும். வழுதூர் மின்நிலையத்தின் சுழலிகள் இந்த வயல்களின் வாயுவை நம்பிக் கட்டியவை. கலப்பு எத்தனை சதவீதம் வரை அவை தாங்கும் என்று அங்கே கேட்டீர்களா?

கிணற்றின் உள்ளேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. உலர்ந்த கார்பன் டை ஆக்சைடு சாதாரண எஃகுக் குழாயை ஒன்றும் செய்யாது. நீர் சேர்ந்தால் கார்பானிக் அமிலம். ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் அரிக்கும். நுரை என்பது நீரையும் வாயுவையும் வேண்டுமென்றே சேர்த்து அனுப்புவது. அதற்காக அரிப்புத் தடுப்பானைச் சேர்ப்பார்கள். பெரும்பாலான படலத் தடுப்பான்கள் அமீன் வகை, நேர்மின் தன்மையுள்ளவை. ஆல்ஃபா ஓலிஃபின் சல்ஃபோனேட் எதிர்மின். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துப் பிசினாகப் படியும்: நுரையும் போச்சு, குழாய்க்குப் பாதுகாப்பும் போச்சு. பாக்டீரியாக் கொல்லிகளில் பலவும் இதே ரகம். தனித்தனியே சோதித்துத் தேறிய மூன்று ரசாயனங்கள் ஒரே குழாயில் சேர்ந்து தோற்பதை இந்தத் துறையில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று உங்கள் குழுவிலேயே கேட்டுப் பாருங்கள். நானோ சிலிக்கா என்ற மிக நுண்ணிய துகள்களைச் சேர்த்தால் எல்லாம் சரியாகும் என்று பின்னிணைப்பில் ஒரு பத்தி இருக்கிறது. உப்பும் கால்சியமும் மிகுந்த நீரில் அந்தத் துகள்கள் திரண்டுபோகாமல் இருப்பதைக் காட்டிவிட்டுப் பேசலாம்.

இவ்வளவும் நுரை நிற்காவிட்டால். நின்றுவிட்டால்? அப்போது வேறு ஆபத்து. வலுத்த நுரை ஓட்டத்தைத் தடுக்கும். அதே அளவைத் தள்ள அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஏற்றிக்கொண்டே போனால் பாறை பிளக்கும், பிளவு மூடுபாறை வரை போகலாம். அமெரிக்காவில் கார்பன் டை ஆக்சைடு சேமிப்புக் கிணறுகளுக்கு 2010ல் வந்த விதி, செலுத்தும் அழுத்தம், பாறை பிளக்கும் அழுத்தமான பிளவழுத்தத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004லிருந்து சுமார் 38 லட்சம் டன் செலுத்திவிட்டு, மூடுபாறையின் உறுதியில் சந்தேகம் வந்ததும் 2011ல் நிறுத்தினார்கள். அங்கே நுரையே இல்லை. உங்கள் ஆவணத்தில் பிளவழுத்தம் ‘பின்னர் அளக்கப்படும்’ என்று இருக்கிறது.

எங்களுக்கு ஆத்திரம் வந்த இடம் வேறு. ‘நிலையான நுரை வாயுவை நீண்டகாலம் அடைத்துவைக்கும்’ என்று மக்களுக்கான சுருக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நுரை மூடி அல்ல. செலுத்தும்போது வாயுவைப் பரப்புவதற்கான கருவி, அவ்வளவே. அதன் ஆயுள் செலுத்தும் காலத்தோடு சரி. அதன் பிறகு வாயுவைப் பிடித்துவைக்க வேண்டியவை மூடுபாறை, துளைகளில் துண்டு துண்டாகச் சிக்கிக்கொள்ளும் தன்மை, உப்புநீரில் கரைதல், மிக மெதுவாகக் கனிமமாதல் ஆகியவை. நுரை வாயுவைப் பரவலாகச் சேர்ப்பதால் சிக்குவதும் கரைவதும் கூடும். அந்த நன்மை உண்மை, அதை அப்படியே எழுதுங்கள். மணிக்கணக்கில் அளந்த ஒரு எண்ணை நூற்றாண்டுகளுக்கான உறுதிமொழியாக ஊராருக்குக் கொடுக்காதீர்கள். ‘கார்பன் இல்லாத எண்ணெய்’ என்ற தொடரையும் எடுத்துவிடுங்கள். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் எரிந்தால் சுமார் 0.43 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். எண்ணெயோடு திரும்பி வரும் வாயுவையும் கழித்த பிறகு பீப்பாய்க்கு எவ்வளவு உள்ளே தங்கியது என்று காட்டாமல் அந்தத் தொடருக்குப் பொருளில்லை.

பழைய கிணறுகள். நிலத்தடியில் செலுத்திய வாயு மேலே வர முதலில் தேடும் வழி அவைதான். கைவிட்ட கிணற்றில் சிமென்ட் அடைப்பும், குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் பூச்சும் இருக்கும். நன்றாகப் பிடித்த சிமென்டைக் கார்பானிக் அமிலம் மெதுவாகத்தான் தின்னும். முதலில் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகவும் செய்யும். பூச்சில் மயிரிழை இடைவெளி இருந்து அதன் வழியே அமில நீர் ஓடத் தொடங்கினால் கரைந்து அகலும். வெளிப்பக்கத்திலிருந்து இந்தக் கடலோரத்தின் உப்பு நிலத்தடி நீர் பல ஆண்டுகளாகக் குழாயை அரித்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கிணற்றில் சிமென்ட் எந்த ஆழம் வரை ஏறியது, பிடிப்பு எப்படி என்று தெரியாமல் முதல் கட்டத்தில் வாயுவைத் தள்ளிவிட்டு இரண்டாம் கட்டத்தில் பார்ப்போம் என்பது எந்த ஊர் முறை?

வாயு வெளியே வந்தால் என்ன என்று அலட்சியமாகக் கேட்டவர்களும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், நிறமில்லை, எச்சரிக்கும் வாசனையில்லை. காற்றில்லாத இரவில் பள்ளத்தில் தேங்கும். காற்றில் 4 சதவீதம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்பாதுகாப்பு அளவுகோல் சொல்கிறது. 2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சடார்ஷியாவில் மழையில் சரிந்த மண், கார்பன் டை ஆக்சைடு போகும் குழாயை நகர்த்தி உடைத்தது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், சுமார் 200 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். ஆக்சிஜன் போதாமல் கார்களின் எஞ்சின்கள் நின்றுபோயின. பைக்கை எடுத்துக்கொண்டு தப்பிவிடலாம் என்று நம் ஊரில் யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். உங்கள் அவசரகாலத் திட்டத்தில் ‘வாகனங்கள் மூலம் வெளியேற்றம்’ என்று எழுதியிருக்கிறது.

தண்ணீருக்கும் கணக்கு வேண்டும். மேலே சொன்ன 100 டன்னுக்கு, 80 சதவீத நுரையில் நாளொன்றுக்குச் சுமார் 42,000 லிட்டர் நீர். நுரை காய்கிறது என்று வாயுவின் பங்கை 60 சதவீதத்துக்கு இறக்கினால் 1,11,000 லிட்டர். தலைக்கு 55 லிட்டர் என்ற ஊரகக் குடிநீர் அளவில் முதலாவது 760 பேருக்கு, இரண்டாவது 2,000 பேருக்கு. காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாயை எதிர்பார்த்துக் குடம் வரிசை நிற்கும் மாவட்டம் இது. ‘உள்ளூர் நீர்வளம் பயன்படுத்தப்படும்’ என்ற வரியை விளக்குங்கள். கடல்நீரை எடுப்பீர்கள் என்றால் அதிலுள்ள சல்ஃபேட் அடுக்கின் பேரியத்தோடு சேர்ந்து கல்லாகப் படியுமா என்று பார்த்தாக வேண்டும்.

திரும்பி மேலே வரும் நீர் எங்கே போகும்? அரை சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். இந்த வகை நுரையூட்டி லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே மீன்கள் சாகும். நீர்த்தாலும் ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டும். பிரிகலனில் அது எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் கெட்டிக் குழம்பாக்கிவிடும். அதை உடைக்க இன்னொரு ரசாயனம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளத்திட்டுகளும், மறுபக்கம் பாக் விரிகுடாவில் 2022ல் அறிவித்த கடல்பசுக் காப்பகமும் கடற்புல் படுகைகளும். தீவோரம் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கண்ணிலும் தோலிலும்தான் முதலில் தெரியும், ஆய்வுக் கருவியில் அல்ல.

அடிப்படை அளவீட்டிலும் இதே அவசரம். ஒரே நாளில், முற்பகலில், கடல்நீர் மாதிரி எடுத்து பிஎச் குறித்திருக்கிறீர்கள். கடற்புல் பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், இரவில் மூச்சுவிடும். விடியலில் ஒரு பிஎச், பிற்பகலில் வேறு பிஎச். நாளைக்கு ஒரு மாற்றம் தெரிந்தால் அது கசிவா, கடற்புல்லா என்று உங்களால் சொல்ல முடியாது. மண்ணிலும் அப்படியே, ஐப்பசி மழைக்குப் பின் மண்ணின் சுவாசம் தானாகவே ஏறும்.

நாங்கள் கேட்பவை இவை.

‘நிறுவப்பட்டுள்ளது’ என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். செலுத்தப்போகும் அடுக்கிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த பாறைத் துண்டில், அதாவது கோரில், குறைந்தது 30 சென்டிமீட்டர் நீளத்தில், அந்த அடுக்கின் உப்புநீர், வெப்பம், அழுத்தம், கண்டன்சேட்டோடு, நிஜக் கார்பன் டை ஆக்சைடை வைத்து நுரைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். முதலில் நுரையூட்டி இல்லாமல் நீரும் வாயுவும் மட்டும் ஓடும்போது அழுத்த வீழ்ச்சி எவ்வளவு என்று அளக்க வேண்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? அடுத்து நுரையூட்டிக் கரைசலைச் செலுத்தி, வெளிவரும் நீரில் அதன் அளவு உள்ளே போன அளவை எட்டும் வரை காத்திருந்து, பாறை எவ்வளவு தின்றது என்று எழுத வேண்டும். பிறகு வாயுவின் பங்கை 50லிருந்து 95 சதவீதம் வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அழுத்தம் நிலைபெற்ற பின்பே குறிக்க வேண்டும். அதையே நாளைக்கு 30 சென்டிமீட்டர் போன்ற மெதுவான ஓட்டத்திலும் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் அடுக்கின் உட்பகுதியில் ஓட்டம் அப்படித்தான். அழுத்தத்தைக் கோரின் நடுப்பகுதியில் அளக்கட்டும். இரு முனைகளின் விளைவு குட்டைக் கோர்களில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். முடிந்ததும் அழுத்தத்தை மெல்ல இறக்கச் சொல்லுங்கள். சட்டென்று இறக்கினால் ரப்பர் வளையங்களுக்குள் புகுந்த வாயு கொப்புளமாக வெடிக்கும், அடுத்த ஓட்டத்தில் கசியும், அந்தக் கசிவை நுரை சரிந்ததாக எழுதிவிடுவார்கள். அரிப்புத் தடுப்பான், பாக்டீரியாக் கொல்லி, நுரையூட்டி மூன்றையும் சேர்த்து ஒரே குப்பியில் ஒரு மாதம் வைத்த முடிவும் அறிக்கையில் வேண்டும்.

பழைய கிணறுகளின் ஆய்வை முதல் கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வாயு பரவக்கூடிய எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிணற்றின் சிமென்ட் பிடிப்புப் பதிவும் பொதுவெளியில் இருக்கட்டும். பதிவு இல்லாத கிணற்றைத் திறந்து சரிசெய்யாமல் ஒரு டன்கூடச் செலுத்த அனுமதி தராதீர்கள். பிளவழுத்தத்தை முதலில் அளந்து, அதில் 90 சதவீதத்தை மேல்வரம்பாக எழுதி, தாண்டினால் பம்பு தானாக நிற்கும்படி நிபந்தனை போடுங்கள்.

‘இணையான நுரையூட்டி’ என்ற சொற்களை நீக்கி, ரசாயனத்தின் பெயரையும் அளவையும் வெளியிடுங்கள். ஃபுளோரின் சேர்ந்த நுரையூட்டிகளை வெளிப்படையாகத் தடை செய்யுங்கள். அவை மண்ணிலும் நீரிலும் அழியாது. திரும்பி வரும் நீர் கடலிலோ கண்மாயிலோ ஊருணியிலோ விடப்படாது என்று அனுமதி ஆணையிலேயே எழுதுங்கள். குடிநீர்த் திட்டத்திலிருந்து ஒரு லிட்டரும் எடுக்க மாட்டோம் என்றும் எழுதுங்கள்.

அடிப்படை அளவீடு வாடை, கச்சான் இரண்டு காற்றுக் காலத்தையும் உள்ளடக்கி ஓராண்டு நடக்கட்டும்: கடல்நீர் விடியலிலும் பிற்பகலிலும், மண்வாயு மழைக்கு முன்னும் பின்னும், கிணற்று நீரின் பிஎச், காரத்தன்மை, குளோரைடு, கரைந்த கார்பனின் ஐசோடோப்பு. தரவை மாதாமாதம் தமிழில், ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். அவசரகாலத் திட்டத்தை மேட்டு நிலத்துக்கு நடந்து போகும் திட்டமாக மாற்றி, சிலிண்டரோடு கூடிய மூச்சுக்கவசமும் வாயு அளவியும் தீயணைப்பு நிலையங்களுக்கு முன்கூட்டியே வாங்கிக் கொடுங்கள்.

இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். முதல் கிணற்றுக்கு இயந்திரம் வரும் முன், பெரியபட்டினத்திலோ கீழக்கரையிலோ, கடலுக்குப் போகாத ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, ஊரார் முன்னிலையில் உங்கள் வல்லுநர்கள் இந்தக் கணக்குகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் தாள்களோடு நாங்களும் வருவோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரத்தைச் சேர்ந்த எண்ணெய் வயல் வேதியியலாளர்கள், கிணற்றுப் பொறியாளர்கள், கடல் ஆய்வாளர்கள்